நிற்கும் லாரி சம்பாதிக்குமா? மின்தொகுப்புக்குக் கைகொடுக்கும் டெலிவரி வாகனங்கள்

கேள்வி இதுதான்: டீசல் டெலிவரி லாரிகளை மின்சார லாரிகளாக மாற்றினால், அவை நிற்கும் நேரத்தில் மின்தொகுப்புக்கு உதவி செய்து பணம் ஈட்டலாம் என்கிறார்கள். அதில் உண்மையிலேயே லாபம் உண்டா? சுற்றுச்சூழலுக்கு நன்மை உண்டா? பேட்டரி சீக்கிரம் வீணாகிவிடாதா?

லாபமும் உண்டு, நன்மையும் உண்டு. ஆனால் பலர் தேடும் இடத்தில் அவை இல்லை. இரவில் மலிவாக மின்சாரம் வாங்கி, மாலையில் கூடுதல் விலைக்கு விற்பதுதான் இந்த ஏற்பாடு என்று பொதுவாக நினைக்கிறார்கள். அந்த வியாபாரத்தில் மிஞ்சுவது சொற்பம். மின்தொகுப்பு நல்ல விலை கொடுத்து வாங்குவது தயார்நிலையை. தீ பிடிக்காத நாளிலும் தீயணைப்பு வீரருக்குச் சம்பளம் தருகிறோம் அல்லவா, அதே கணக்கு இங்கும் பொருந்தும். கூப்பிட்ட நொடியில் இத்தனை கிலோவாட் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்ற உறுதிதான் விற்பனைப் பொருள். இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற கணக்குகள் எல்லாம் தெளிவாகிவிடும்.

யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லெட் கெம்ப்டனும், ஸ்டீவன் லெட்டெண்ட்ரேவும் 1997லேயே மின்வாகனங்களை மின்நிறுவனங்களுக்கான புதிய மின்மூலமாகப் பார்க்கலாம் என்று ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். அப்போது பேச்சு பெரும்பாலும் கார்களைப் பற்றியது. கார்களில் ஒரு சிக்கல் உண்டு: எப்போது, எங்கே நிற்கும், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று உரிமையாளருக்கே சில நாள் தெரியாது. ஆயிரம் கார்களை ஒருங்கிணைக்க ஆயிரம் பேரிடம் சம்மதம் வாங்க வேண்டும். டெலிவரி லாரி அப்படியல்ல. காலையில் ஒரே கிடங்கிலிருந்து கிளம்புகிறது, தெரிந்த வழியில் போகிறது, மாலையில் அதே இடத்துக்குத் திரும்புகிறது. நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது இன்றிரவே அட்டவணையில் இருக்கிறது. ஐம்பது லாரிக்கும் ஒரே உரிமையாளர், ஒரே மின் இணைப்பு, ஒரே ஒப்பந்தம். பேட்டரியும் காரைவிடப் பெரிது. மின்தொகுப்புக்கு வேண்டிய நம்பகத்தன்மை இந்தத் தொழிலின் அன்றாட ஒழுங்கிலேயே இருக்கிறது.

தயார்நிலைக்கு ஏன் விலை வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். மின்தொகுப்பில் உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். சமநிலை தவறினால் அதிர்வெண், அதாவது மாறுமின்னோட்டம் ஒரு நொடியில் எத்தனை முறை அலைகிறது என்ற எண், நகரும். உலகின் பெரும்பகுதியில் அது 50 ஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் 60. உற்பத்தி குறைந்தால் அதிர்வெண் இறங்கும், கூடினால் ஏறும். 2019 ஆகஸ்ட் 9ஆம் தேதி பிரிட்டனில் ஒரு மின்னல் தாக்குதலைத் தொடர்ந்து, லிட்டில் பார்ஃபர்ட் எரிவாயு நிலையமும் ஹார்ன்ஸீ கடல் காற்றாலையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மின்சாரம் தருவதைக் குறைத்தன. அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. முழுத் தொகுப்பும் சரியாமல் காப்பாற்றுவதற்காகத் தானியங்கிப் பாதுகாப்பு அமைப்பு சுமார் பத்து லட்சம் வாடிக்கையாளர்களின் மின்சாரத்தைத் துண்டித்தது; ரயில்கள் வழியிலேயே நின்றன. இப்படிப்பட்ட பெரிய சரிவுகள் அபூர்வம். ஆனால் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் நாள் முழுக்க ஓயாமல் நடக்கின்றன. அவற்றைச் சரிசெய்ய, சில நொடிகளுக்கு ஒருமுறை வரும் கட்டளைக்கு ஏற்ப ஆற்றலைக் கூட்டிக் குறைக்கும் சேவைக்குத்தான் அதிர்வெண் சீரமைப்பு என்று பெயர். நீராவிச் சுழலி இந்தக் கட்டளைக்கு மெதுவாகத்தான் அசையும். பேட்டரி ஒரு நொடிக்குள் பதில் சொல்லிவிடும். வேகமாகவும் துல்லியமாகவும் செயல்படுவோருக்கு அதற்கேற்ற ஊதியம் தர வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2011இல் தன் 755ஆம் ஆணையில் சொன்னது. பேட்டரிகளுக்கு அங்கே சந்தைக் கதவை அகலத் திறந்தது அதுதான். 2020இல் வந்த 2222ஆம் ஆணை, சிறிய மூலங்களை ஒன்றுசேர்த்து 100 கிலோவாட் அளவில்கூடச் சந்தைக்குள் வர வழிசெய்தது.

இனி ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை இட்டு நீங்களே கணக்குப் போடலாம். ஐம்பது நடுத்தர லாரிகள். ஒவ்வொன்றிலும் 100 யூனிட் பேட்டரி, நிறுத்துமிடத்தில் 20 கிலோவாட் சார்ஜர். ஒரு நாள் ஓட்டம் 70 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 0.8 யூனிட் செலவு. காலையில் 95 யூனிட்டுடன் கிளம்பும் லாரி மாலை ஆறு மணிக்கு 39 யூனிட்டுடன் திரும்புகிறது. அந்த நேரத்தைக் கவனியுங்கள்: வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கி, சூரிய மின்சாரம் மறைந்து, மின்தொகுப்பு மிகவும் திணறும் நேரம் அது. ஓட்டுநர் இறங்கிச் சார்ஜரைச் செருகுகிறார். ஐம்பது லாரியும் உடனே முழு வேகத்தில் சார்ஜ் ஆகத் தொடங்கினால் 1 மெகாவாட் சுமை, மிக மோசமான நேரத்தில், ஒரே மின்மாற்றியின் தலையில் விழும். லாரிகளை மின்சாரமாக மாற்றுவதில் மின்தொகுப்புக்கு நேரக்கூடிய கேடு இதுதான். நன்மை தொடங்குவதும் இதே இடத்தில்தான்.

ஏனென்றால் அந்த லாரிகள் மறுநாள் காலை ஆறு மணிவரை எங்கும் போகப் போவதில்லை. சார்ஜ் செய்வதை இரவு ஒன்பது மணிக்குத் தள்ளிவைத்து, ஒன்பது மணி நேரத்துக்குப் பரப்பினால், லாரிக்குச் சுமார் 7 கிலோவாட் போதும். கிடங்கின் உச்சச் சுமை 1,000 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டாக இறங்கிவிடுகிறது. இதற்கு, பேட்டரியிலிருந்து மின்சாரத்தைத் தொகுப்புக்குத் திருப்பி அனுப்பவும் வல்ல இருதிசைச் சார்ஜர் எதுவும் வேண்டாம். நேரம் பார்த்துச் சார்ஜ் செய்யும் மென்பொருள் போதும். பல இடங்களில் வணிக இணைப்புக்கு, மாதத்தில் ஏதேனும் ஒரு 15 அல்லது 30 நிமிடத்தில் எட்டிய உச்சத் தேவையை வைத்து ஒரு தனிக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணம் இதனால் மூன்றில் ஒரு பங்காகலாம். இதைச் செய்யாமல் மின்சாரத்தை விற்கப் புறப்படுவது வீண்வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு நல்ல சான்று லண்டனில் இருக்கிறது. யுபிஎஸ் என்ற பார்சல் டெலிவரி நிறுவனத்தின் கேம்டன் கிடங்கில் உள்ளூர் மின்இணைப்பின் வரம்பு காரணமாக 65 மின்சார வாகனங்களுக்கு மேல் வைக்க முடியாத நிலை இருந்தது. அப்பகுதிக்கு மின்சாரத்தை விநியோகிக்கும் யுகே பவர் நெட்வொர்க்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, கட்டிடத்தின் தேவையைப் பார்த்துச் சார்ஜ் செய்வதை நிர்வகிக்கும் அமைப்பையும் கிடங்கிலேயே ஒரு சேமிப்புப் பேட்டரியையும் நிறுவினார்கள். அதே இடத்தில் இருந்த 170 வாகனங்களையும், பெரிய செலவில் மின்இணைப்பை விரிவாக்காமலே, மின்சாரத்துக்கு மாற்ற வழி கிடைத்ததாக 2018இல் அறிவித்தார்கள். புதிய கேபிள் பதிக்கவும் மின்மாற்றியை மாற்றவும் ஆகும் செலவு மட்டுமல்ல, அந்த அனுமதிகளுக்குக் காத்திருக்கும் மாதங்களும் மிச்சம். லாரி வாங்குவோர் கணக்கில் விட்டுவிடும் பெரிய தொகை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது தயார்நிலையை விற்பது. மேற்சொன்ன லாரி இரவில் சராசரியாக 7 கிலோவாட் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதிர்வெண் இறங்கினால் அந்த 7 கிலோவாட்டை நிறுத்தலாம். மின்தொகுப்பைப் பொறுத்தவரை அது 7 கிலோவாட் உற்பத்தி கூடியதற்குச் சமம். அதிர்வெண் ஏறினால் 20 கிலோவாட் வரை இழுக்கலாம். ஆக, சாதாரண ஒருதிசைச் சார்ஜரை வைத்தே லாரிக்கு மேலும் கீழும் 7 கிலோவாட், ஐம்பது லாரிக்கு 350 கிலோவாட் தயார்நிலையை விற்க முடியும். இருதிசைச் சார்ஜர் வந்தால் எல்லை விரிகிறது: 7 கிலோவாட் இழுப்பதை நிறுத்துவதோடு 20 கிலோவாட் திருப்பியும் தரலாம், மொத்தம் 27. கட்டளைகள் மேலும் கீழும் மாறிமாறி வருவதால், ஒரு மணி நேரக் கணக்கில் பேட்டரியிலிருந்து நிகரமாக வெளியேறும் ஆற்றல் மிகக் குறைவு. விடியும்போது லாரி கிளம்பத் தயாராகவே இருக்கும்.

இது ஏட்டளவில் நின்றுவிட்ட விஷயமல்ல. 2016இல் டென்மார்க்கின் ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் நகரில் உள்ள பொதுச்சேவை நிறுவனம் நிசான் இ-என்வி200 வேன்கள் பத்தை இருதிசைச் சார்ஜர்களுடன் இணைத்தது. பகலில் பணியாளர்கள் ஓட்டும் அதே வேன்கள் இரவில் அதிர்வெண் சீரமைப்புச் சேவை தந்து வருமானமும் ஈட்டின. ஒவ்வொன்றிலும் இருந்த பேட்டரி 24 யூனிட்தான், சார்ஜரின் திறன் 10 கிலோவாட்தான். பத்து சிறிய வேன்களால் ஒரு வணிகச் சேவையைத் தர முடிந்தது என்பது இத்துறையில் பலருக்கும் நம்பிக்கை தந்தது. டெலிவரி லாரிகளைப் போலவே கிடங்கும் அட்டவணையும் கொண்ட பள்ளிப் பேருந்துகளும் இந்த வழியில் வருகின்றன. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் 2024இல் 74 மின்சாரப் பள்ளிப் பேருந்துகள் இருதிசைச் சார்ஜர்களுடன் ஓட்டத்துக்கு வந்தன.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதிர்வெண் சீரமைப்புச் சந்தை சிறியது. ஒரு பெரிய மின்தொகுப்பின் உச்சத் தேவையில் அது ஓரிரு சதவிகிதமே இருக்கும். முதலில் நுழைந்தவர்களுக்கு நல்ல விலை கிடைக்கும். பேட்டரிகள் பெருகப் பெருக விலை சரியும். பிரிட்டனில் இது கண்ணெதிரே நடந்தது: 2020இல் தொடங்கிய வேகமான அதிர்வெண் சேவைக்கு ஆரம்பத்தில் கிடைத்த விலை, பெரிய பேட்டரி நிலையங்கள் குவிந்தபின் 2023க்குள் அதில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் ஓடப்போகும் லாரியின் கடனை இன்றைய சீரமைப்பு விலையை நம்பிப் போட்டால் நடுவழியில் மாட்டிக்கொள்வீர்கள். லாரியின் கொள்முதல் டீசல் மிச்சத்திலும், பராமரிப்பு மிச்சத்திலும், உச்சத் தேவைக் கட்டண மிச்சத்திலும் தனியாகவே நிற்க வேண்டும். மின்தொகுப்பு தரும் வருமானம் அதன்மேல் வரும் கூடுதலாக இருக்கட்டும்.

மாலை உச்சநேரத்தில் மின்சாரத்தையே திருப்பித் தருவது மூன்றாவது வழி. 39 யூனிட்டுடன் திரும்பிய லாரி, 20 யூனிட்டைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்தில் 15 யூனிட் தரலாம். ஐம்பது லாரிக்கு 750 யூனிட், 375 கிலோவாட். அதைச் செய்த இரவுகளில் ஒவ்வொரு லாரிக்கும் சுமார் 9 கிலோவாட் வேகத்தில் சார்ஜ் தேவைப்படும். சார்ஜரின் திறனுக்குள் அது அடங்கிவிடுகிறது. ஆண்டு முழுவதும் இதைச் செய்யத் தேவையில்லை. கடும் வெப்ப அலை வீசும் மாலைகள், பெரிய நிலையம் ஒன்று பழுதான நாட்கள் என்று தொகுப்பு உண்மையிலேயே திணறும் நேரங்கள் ஆண்டில் கொஞ்சமே. அந்த நேரங்களுக்கான விலையும் மற்ற நாட்களைவிடப் பல மடங்கு. டெலிவரி அதிகமாகும் விற்பனை உச்ச வாரங்களும் இந்த நாட்களும் மோதிக்கொண்டால், சரக்கைச் சேர்ப்பதுதான் முதல் வேலை. ஒப்பந்தத்தில் அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும்.

பேட்டரி பற்றிய பயம் நியாயமானது. 2017இல் இரண்டு ஆய்வுகள் எதிரெதிர் முடிவு சொல்லிக் குழப்பின. ஹவாய் பல்கலைக்கழகத்தின் மத்தியூ டுபாரி குழு, தினமும் முழுத் திறனில் மின்சாரத்தைத் திருப்பி விற்றால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்றது. வாரிக் பல்கலைக்கழகத்தின் கோதுப் உதின் குழு, புத்திசாலித்தனமாக நிர்வகித்தால் ஆயுள் கூடக்கூடும் என்றது. அடுத்த ஆண்டே இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் முரண்பாடு இல்லை என்று விளக்கினார்கள்: எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. லித்தியம் பேட்டரி ஓடுவதால் மட்டும் தேய்வதில்லை, சும்மா இருந்தாலும் தேயும். முழுச் சார்ஜில், வெப்பத்தில் இருந்தால் வேகமாகத் தேயும். திரும்பியவுடன் நிறைத்துவிட்டு விடியும்வரை 100 சதவிகிதத்தில் நிறுத்தி வைப்பதைவிட, இரவெல்லாம் நடுத்தர அளவில் வைத்திருந்து கிளம்பும் நேரத்துக்கு நிறைப்பது பேட்டரிக்கு நல்லது. மின்தொகுப்புக்கு உதவும் ஏற்பாடும் அதைத்தான் செய்கிறது.

தேய்மானத்தின் அளவையும் பாருங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரி 3,000 முழுச் சுற்றுகள் தாங்கும் என்று வைத்தால், 100 யூனிட் பேட்டரியின் வாழ்நாள் திறன் மூன்று லட்சம் யூனிட். நம் லாரி நாளுக்கு 56 யூனிட் வீதம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 16,800 யூனிட். பன்னிரண்டு ஆண்டுகளில் சுமார் இரண்டு லட்சம். மீதி ஒரு லட்சம் யூனிட் திறனைப் பயன்படுத்தாவிட்டால், காலத்தின் தேய்மானம் அதைத் தின்றுவிடும். ஆண்டுக்கு நூறு மாலைகள் 15 யூனிட் கொடுத்தால் 1,500 யூனிட். ஓட்டத்தின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மெதுவான வேகத்தில் எடுப்பதால் அதன் தாக்கமும் குறைவு: 20 கிலோவாட் என்பது இந்தப் பேட்டரியின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு வேகம்தான், சரக்கேற்றிய லாரி மேட்டில் ஏறும்போது எடுப்பது அதைவிடப் பல மடங்கு. உண்மையான தடை வேதியியலில் இல்லை, உத்தரவாதப் பத்திரத்தில் இருக்கிறது. இருதிசைப் பயன்பாட்டை அனுமதிக்காத உத்தரவாதங்கள் உண்டு. மொத்த யூனிட்டுக்கு வரம்பு வைப்பவையும் உண்டு. கையெழுத்திடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

சுற்றுச்சூழலுக்கு வருகிறேன். தெருவில் கிடைக்கும் நன்மையில் எந்த ஐயமும் இல்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் முதல் பிரிவில் வகைப்படுத்தியது. டெலிவரி லாரி அந்தப் புகையை வீடுகளின் வாசலில், குழந்தைகளின் மூக்குக்கு நேராக, நின்று நின்று கிளம்பும் மிக மோசமான இயக்கத்தில் கக்குகிறது. மின்லாரியில் அது அறவே இல்லை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஆற்றலும் திரும்பக் கிடைக்கிறது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கார்பன் கணக்கு அவ்வளவு எளிதல்ல. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நூறு கிலோமீட்டருக்கு 25 லிட்டர் குடிக்கும் லாரி 70 கிலோமீட்டருக்கு 47 கிலோ வெளியிடும். மின்லாரிக்குச் சார்ஜ் இழப்பையும் சேர்த்து 62 யூனிட் தேவை. யூனிட்டுக்கு 0.3 கிலோ வெளியிடும் தொகுப்பில் அது 19 கிலோ. நிலக்கரியையே நம்பி யூனிட்டுக்கு 0.9 கிலோ வெளியிடும் தொகுப்பில் 56 கிலோ. டீசலை எடுத்து, சுத்திகரித்து, கொண்டுசேர்ப்பதன் உமிழ்வையும் கூட்டினால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். ஆக, எந்த மணியில் சார்ஜ் செய்கிறோம் என்பது பணத்தைப் போலவே காற்றையும் தீர்மானிக்கிறது. காற்றாலைகள் சுழன்றும் வாங்க ஆளில்லாமல் நிறுத்தப்படும் நள்ளிரவில் சார்ஜ் செய்தால் ஆதாயம் மிகப் பெரிது. நண்பகல் சூரிய மின்சாரம் பொங்கும் நேரத்தில் லாரிகள் தெருவில் இருப்பது இந்த ஏற்பாட்டின் குறை. மதியம் இரண்டாவது சரக்கு ஏற்ற வரும் லாரிகளும், விடுமுறை நாட்களில் நிற்கும் லாரிகளும் அதை ஓரளவு ஈடுசெய்யும்.

தயார்நிலையின் சூழல் நன்மை கண்ணுக்குத் தெரியாதது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். அதிர்வெண்ணைத் தாங்குவதற்காகவே நிலக்கரி, எரிவாயு நிலையங்களை முழுத் திறனுக்குக் கீழே ஓட்டி, மேலும் கீழும் அலைக்கழிக்கிறார்கள். அப்படி ஓடும் நிலையம் ஒரு யூனிட்டுக்கு அதிக எரிபொருளைத் தின்கிறது. அந்த வேலையைப் பேட்டரிகள் எடுத்துக்கொண்டால் நிலையம் சீராக ஓடலாம், அல்லது அணைந்தே இருக்கலாம். லாரி ஒரு யூனிட்டைக்கூட நிகரமாகத் தராத இரவிலும் இந்த ஆதாயம் கிடைக்கிறது.

மாலையில் யூனிட்டைத் திருப்பித் தருவதில் மட்டும் கவனம் வேண்டும். உள்ளே போய் வெளியே வருவதற்குள் 15 சதவிகிதமாவது தொலைந்துவிடும். இரவில் நிலக்கரி மின்சாரத்தால் நிறைத்து, மாலையில் எரிவாயு நிலையத்துக்குப் பதிலாகக் கொடுத்தால், யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் உமிழ்ந்து அரை கிலோவைச் சற்றே தாண்டும் உமிழ்வைத் தடுத்ததாக ஆகும். பணம் வரும், காற்று கெடும். இரவில் காற்றாலையோ நீர்மின்சாரமோ மிகுந்த இடத்தில் இதே செயல் இரட்டை நன்மை. உங்கள் தொகுப்பின் மணிவாரி உமிழ்வுத் தகவல் கிடைக்குமானால், சார்ஜ் அட்டவணையை விலையோடு அதையும் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

நடைமுறையில் தொடங்க, முதலில் ஓராண்டு மின்கட்டண ரசீதுகளையும் லாரிகளின் கிளம்பும், திரும்பும் நேரங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நேரம் பார்த்துச் சார்ஜ் செய்யும் முறையை எல்லா லாரிகளுக்கும் போடுங்கள். சார்ஜர்கள் வாங்கும்போது, இருதிசைத் தொடர்புக்கான ஐஎஸ்ஓ 15118-20 தரத்தை (2022இல் வெளியானது) ஏற்கும் வகையாகக் கேளுங்கள். பிறகு மாற்றுவதைவிட இப்போது கேட்பது மலிவு. இருதிசைச் சார்ஜரை நான்கைந்து இடங்களில் மட்டும் வைத்து, அடிக்கடி ஓய்வில் நிற்கும் மாற்று லாரிகளை அங்கே நிறுத்திப் பார்க்கலாம். கட்டண விதிகளில் ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள்: பேட்டரிக்குள் போகும்போதும், திரும்ப வரும் அதே மின்சாரத்தை வேறொருவர் பயன்படுத்தும்போதும் என இரண்டு முறை வலையமைப்புக் கட்டணம் வசூலிக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே யூனிட்டைத் திருப்பித் தருவது நட்டத்தில் முடியும். ஒருதிசைச் சார்ஜரால் தயார்நிலையை விற்பது அங்கும் நடக்கும்.